நலமாக நடந்து வந்தார்

என் தம்பியைப் பட்டறையில் மைனர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருஷம் கல் பலகை அறுத்தவன். மெஷின் நின்றதும் தலை, புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளை வெளேர் என்றிருக்கும். கால் மணி நேரத்தில் குளித்து, தலை வாரி, மடிப்புக் கலையாத சட்டையில் மாப்பிள்ளை போல வெளியே வருவான். மேலே ஒட்டிய தூளைக் கழுவிவிட்டான். உள்ளே போனதை எதைப் போட்டுக் கழுவுவது? முதலாளி முகமூடி கொடுக்காமல் இல்லை. வருஷத்துக்கு ஒன்று கொடுத்தார், புண்ணியவான்.

ஆறு வருஷமாக அவனுக்கு மூச்சு போதவில்லை. செருப்பு மாட்டக் குனிந்தால் இரைக்கும். பேச்சைப் பாதியில் விட்டு மீதியைக் கண்ணால் முடிப்பான். வீட்டில் வைக்க ஆக்சிஜன் மெஷின் வேண்டும் என்று காப்பீட்டு ஆபீசுக்கு இரண்டு முறை எழுதிப் போட்டோம். இரண்டு முறையும் இல்லை என்று வந்தது. எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் தபால்காரர் ஒற்றைத் தாளை நீட்டினாலே அது 'இல்லை'தான் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குப் படித்துவிட்டேன்.

இரண்டாவது தாளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "கோடிங்ல கேளுங்க" என்றாள் கவுண்டரில் இருந்தவள், தலையை நிமிர்த்தாமல். கோடிங் அறை கீழ்த்தளத்தில், அழுக்குத்துணி மூட்டைகளைத் தாண்டி இருந்தது. டாக்டர் எழுதி வைத்ததைப் படித்து, நோய்க்கு ஓர் எண் போட்டுக் காப்பீட்டுக்காரர்களுக்கு அனுப்புகிற இடமாம். நோயாளி வீட்டார் யாரும் அங்கே போவதில்லையாம். நான் போனேன். கதவை விட்டு நகரவும் இல்லை.

கண்ணாடி போட்ட ஒரு பெண் கடைசியில் எழுந்து வந்து, கடிதத்தைப் பார்த்தாள், கணினியில் தம்பியின் கோப்பைத் திறந்தாள்.

"அம்மா, மூச்சு வாங்குதுன்னு மட்டும்தான் டாக்டர் எழுதியிருக்காரு. அதுக்குன்னு ஒரு கோட் இருக்கு. அதைத்தான் போட்டேன். அது தொந்தரவோட கோட், நோயோட கோட் இல்ல. அதை வச்சு மெஷின் தரமாட்டாங்க."

"குழாயில ஊதச் சொன்னாங்களே தாயி, நெஞ்சைப் படம் எடுத்தாங்களே, அதெல்லாம் எங்க போச்சு?"

"எல்லாம் இங்கதான் இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்கு. ஆனா அதைப் பாத்து நானா நோய்க்குப் பேர் வைக்கக் கூடாது. டாக்டர் எழுதணும். கேட்டு மூணு தடவை அனுப்பினேன். பதிலே இல்ல."

"பசிக்குதுன்னே ஆறு வருஷமா எழுதிக்கிட்டிருந்தா சோறு எப்பம்மா போடுவீங்க?"

அவள் சிரிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினாள், நான் எழுத்து தெரியாமல் விழிப்பதைப் பார்த்துவிட்டுத் தானே படித்துக் காட்டினாள். "நோயாளி நலமாக நடந்து வந்தார். ஓய்வில் ஆக்சிஜன் தொண்ணூற்றைந்து." ஒரு தடவை எழுதியதையே ஒவ்வொரு தடவையும் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். பதினொரு தடவை. "நடக்கும்போது எவ்வளவு இறங்குதுன்னு எண் வேணும்மா. அதை யாரும் பாக்கவே இல்ல."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. டாக்டர் மேல் பாதி, தம்பி மேல் பாதி. அவன் செய்கிற வேலை எனக்குத்தானே தெரியும்! ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சைக் கட்டிச் சரிப்படுத்தி, வேர்வையைத் துடைத்து, தலை வாரிக்கொண்டுதான் உள்ளே போவான். டாக்டர் கேட்டால் "பரவாயில்ல சார்" என்பான். நாலு பேர் முன்னால் இரைக்கக் கூடாதாம் மைனருக்கு.

அடுத்த தடவை நானும் கூடப் போனேன். டாக்டர் தம்பி விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினார். "தொண்ணூத்தஞ்சு. நல்லாத்தானே இருக்காரு?"

"உக்காந்தே இருக்கவா மெஷின் கேட்டோம்? அந்தக் கிளிப்போட நடக்கவிட்டுப் பாருங்க."

"பாட்டி, வெளியில நாப்பது பேர் நிக்கிறாங்க."

"நாங்க ஆறு வருஷமா நிக்கிறோம்."

"அக்கா, சும்மா இரு" என்றான் தம்பி.

"நீ வாயை மூடுடா. நீ பரவாயில்ல பரவாயில்லன்னு சொல்லித்தான் இந்த நிலைமை."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் நர்ஸ் அவனை நடைபாதைக்குக் கூட்டிப்போனாள். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் பாதியிலேயே சுவரைப் பிடித்தான். உதடு நாவல்பழம் தின்றவன் மாதிரி. எண்பத்தொன்று என்று நர்ஸ் கத்தியது உள்ளே கேட்டது. அப்போதும் அவன் கையை அசைத்துப் பரவாயில்லை என்றே காட்டினான். அடித்திருப்பேன், அவனுக்கு அறுபது வயது ஆகியிருக்காவிட்டால்.

டாக்டர் வேகமாகத் தட்டச்சு செய்தார்.

"என்ன எழுதினீங்க? படிங்க."

"எண்பத்தொண்ணுன்னு எழுதிட்டேன் பாட்டி."

"நோய்ப் பேரு?"

அவர் பழைய சோதனைத் தாள்களைத் திறந்தார். முதல் தடவையாகத் திறக்கிறார் என்று முகம் சொன்னது. "கல்தூள் படிஞ்சு நுரையீரல் இறுகிப்போச்சு" என்று மெதுவாகச் சொன்னார். அதை எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகுதான் எழுந்தேன். நேராகக் கீழே இறங்கி அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் அன்றே எண்ணை மாற்றிப் போட்டாள்.

மூன்றாம் வாரம் மெஷின் வந்தது. மூக்கில் குழாயோடு இப்போது கூடத்திலிருந்து சமையலறை வரை நிற்காமல் நடக்கிறான். பேச்சைப் பாதியில் விடுவதில்லை.

போன வாரம் டாக்டர் கேட்டார்: "இப்ப சந்தோஷம்தானே பாட்டி?"

"மெஷின் வந்தது சந்தோஷம்தான் சார். ஆனா மூணு வருஷம் முன்னாடி இவன் மாடி ஏறுவான். அந்தத் தாளை அப்பவே திறந்திருந்தீங்கன்னா இன்னும் ஏறிக்கிட்டிருப்பானோ என்னவோ. அதை எந்த மெஷின் திருப்பித் தரும்?"

பக்கத்தில் தம்பி என் முழங்கையைக் கிள்ளினான். நான் கையை இழுத்துக்கொண்டேன். பதில் வரட்டும் என்று டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.