சென்ட் அடித்த நாய்

ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்குக் கைகால் பிடித்துவிட்டு ஓய்வுபெற்றவள், இப்போது வீடு வீடாகப் போய் நாய்களுக்கு எண்ணெய் தேய்த்துக் கால் பிடித்துவிடுகிறாள். மலமோ சீழோ எதைக் கண்டும் அவள் முகம் சுளித்ததில்லை.

அன்று போன வீட்டில், சோபாவில் படுத்திருந்த கிழட்டு நாயின் மேல் சென்ட் வாடை குப்பென்று அடித்தது.

"பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்குதுக்கா. நல்லா அழுத்திப் பிடிச்சு விடுங்க," என்றாள் வீட்டுக்காரி.

எண்ணெய் தொடுவதற்கு முன் ரோமத்தை எதிர்ப்பக்கமாகத் தடவிப் பார்ப்பது அவள் வழக்கம். இடுப்பருகே விரல் ஈரமானது. சடை பிடித்த ரோமத்தை விலக்கினாள். புண்ணுக்குள் புழுக்கள் நெளிந்தன.

"நாத்தம் தாங்கலன்னுதான் தினமும் சென்ட் அடிக்கிறேன்."

"என்னன்னு பிரிச்சுப் பாக்கலையா?"

"அய்யே, அதை எப்படிக்கா தொடுறது? குமட்டுது!"

"எனக்கும்தான் குமட்டுது, உன்னைப் பாத்து. இங்க அழுத்தினா இது செத்தே போகும். காரை எடு, டாக்டர்கிட்ட போகலாம்."

"சீட்டெல்லாம் பாழாயிடுமேக்கா."

பிடித்துவிட வந்தவள் எண்ணெயை மூடி வைத்தாள். சோபா உறையை உருவி நாயைச் சுற்றித் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, வாடகைக் காரை நிறுத்தினாள்.

"பிழைச்சுக்கும்," என்றார் மாட்டு டாக்டர், புண்ணைக் கழுவிக்கொண்டே. "தினமும் மருந்து வைக்கணும். யார் வைப்பாங்க?"

"வேற யாரு, நான்தான்," என்றாள் எரிச்சலாக.