அவர் அடித்துவிட்ட மூன்று வரிகள்

2004 ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை, என் கணவர் முருகேசனின் கையிலிருந்து டீ டம்ளர் நழுவியது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு.

ஒரு நிமிஷம் சும்மா உட்காரத் தெரியாத மனிதர். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில், சூளைக்குள் சரக்கு அடுக்கும் வேலை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வருவார். குளிப்பதற்கு முன்பே மகள் செல்விக்குச் சடை பின்னிவிடுவார். பின்னல் கோணலாகத்தான் இருக்கும், ஆனாலும் அவள் வேறு யாரிடமும் தலையைக் கொடுக்க மாட்டாள். தெருவில் குழாய் உடைந்தாலும் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதலில் போய் நிற்பவர் இவர்தான். வீட்டுக்கு வருவது சாப்பிட மட்டும்தானா என்று நான் சண்டை போட்டதுண்டு.

எங்கள் ஊர்க்காரர்கள் மனக்குறையைத் தாளில் எழுதி, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் கட்டுவார்கள். பிராது கட்டுவது என்று அதற்குப் பெயர். மூன்று மாதத்துக்குள் சாமி தீர்த்துவைப்பார் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் போய், எழுதிக் கொடுத்து வாபஸ் வாங்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு என் கணவர்தான் எழுதிக் கொடுப்பார். ஒரே ஒரு கண்டிப்பு.

"ஒரு பேப்பருக்கு ஒரு குறைதாங்க. பத்தையும் கொட்டுனா சாமி எதுக்குன்னு ஓடும்?"

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இனி வீட்டில் பயிற்சிதான் என்றார்கள். அவரைத் தூக்கி உட்காரவைப்பதும் கழிப்பறைக்குக் கொண்டுபோவதும் நான்தான். எனக்கு ஏற்கெனவே முதுகு வலி, அவரோ நல்ல கனம். ஒருநாள் இருவரும் சேர்ந்தே விழுந்தோம். எழ முடியாமல் தரையில் கிடந்து அழுதேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எனக்கு வாழ்க்கையே வெறுத்துப்போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை நானே பிராது எழுதினேன். நாலு வரி. அவருக்குப் பேச்சு வர வேண்டும். வலது கை வர வேண்டும். கம்பெனி வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். அவர் எழுந்து நடக்க வேண்டும். படித்துக் காட்டினேன். இடது கையால் பேனாவைக் கேட்டு வாங்கி, முதல் மூன்று வரிகளையும் கோணல்மாணலாக அடித்துவிட்டார்.

"பேச்சு வாணாமாங்க? செல்விய ஒரு வாட்டி கூப்புட வாணாமா?" என்று கத்தினேன்.

கடைசி வரியை விரலால் தட்டினார். ஊருக்குப் போட்ட சட்டத்தை நமக்கும் போடுகிறாரே என்று கோபம் வந்தது. ஊர் சுற்றிய கால், வேறு எதைக் கேட்கும் என்றும் நினைத்துக்கொண்டேன். அப்படியே கொண்டுபோய்க் கட்டினேன்.

பள்ளிக்கூடம் போகுமுன்னும் வந்த பின்னும் செல்வி அவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழக்குவாள். நான் தினமும் கும்பிட்டேன். மார்கழி பிறந்த வாரம், சமையல்கட்டிலிருந்து வந்து பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. சுவரைப் பிடித்தபடி, கழிப்பறையிலிருந்து தானாக வந்துகொண்டிருந்தார்.

அடுத்த வாரம் வாபஸ் வாங்கப் போனோம். நான் எழுதப்போன தாளை அவர் இழுத்துக்கொண்டார். இடது கையில், சின்னப்பிள்ளை எழுத்தில் எழுதி நீட்டினார்.

"ஐயா, குறை தீர்ந்தது. என் மனைவி இனிமேல் என்னைத் தூக்க வேண்டியதில்லை."

அவர் தன் காலுக்காகக் கேட்டார் என்று நினைத்திருந்தேன். அவர் என் முதுகுக்காகக் கேட்டிருக்கிறார்.

பேச்சு வரவே இல்லை, வலது கையும் வரவில்லை. அதற்காக நான் சாமியிடம் சண்டைக்குப் போகவில்லை, கேட்டதைக் கொடுத்துவிட்டார். அதன்பின் ஐந்து வருஷம் இருந்தார். தெருக்குழாயிலிருந்து இடது கையால் தண்ணீர் தூக்கினார். காலேஜ் போகும் செல்வியைத் தினமும் பஸ் ஏற்றிவிட நடந்தார். 2009-இல் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழவில்லை. அன்று காலையிலும் நடந்துபோய் அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் வந்திருந்தார்.

இப்போது எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வருகிறார்கள். நீங்களும் நம்பி வாருங்கள். ஒரு பேப்பருக்கு ஒரு குறைதான். எதை எழுதுவது என்று திகைத்தால், உங்களைச் சுமப்பவரின் முகத்தை ஒரு தடவை பாருங்கள்.