முடக்கு இல்லாத ரோடு

கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தால் என் நாத்தனார் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அவளைத் திருச்சியில் கட்டிக்கொடுத்திருந்தோம். "கூப்பிடு தூரத்துல இருந்துக்கிட்டு உங்கண்ணன் ஒரு தடவகூட எட்டிப் பாக்கலையே" என்று அவள் மாமியார் விசேஷத்துக்கு விசேஷம் சொல்லிக் காட்டுவாராம். எங்கள் மலையூர் பூண்டுலோயாவிலிருந்து கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இறங்கவே பாதி நாள் போய்விடும் என்று அந்த அம்மாவுக்கு யார் சொல்வது?

நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து வந்தது. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். என் வீட்டுக்காரர் வராவிட்டால் உட்காரவைக்க, யாரோ ஒன்றுவிட்ட மாமனை மாமியார் தயாராக வைத்திருந்தார். "அண்ணே, இந்தத் தடவ என்னைய விட்டுறாதீங்க" என்று நாத்தனார் போனில் அழுதாள்.

அவருக்கோ பயணம் என்றாலே கண்டம். வளைந்து வளைந்து போகும் எங்கள் மலை ரோட்டில் இரண்டு முடக்கு திரும்பினால் போதும், வயிற்றைப் பிரட்டும். நுவரெலியாவுக்கே எலுமிச்சம்பழமும் வாந்தியெடுக்க சொப்பிங் பேக்கும் இல்லாமல் கிளம்பமாட்டார். தங்கைக்காக இந்தத் தடவை கிளம்பிவிட்டார். கொழும்புக்கு இறங்குவதற்குள் கொண்டுவந்த பைகளில் ஒன்றுதான் மிச்சம்.

விமானத்தில் ஏறியதும் அந்தப் பையை விரித்து வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, முடக்கு எப்ப வரும்?"

"வானத்துல ஏதுங்க முடக்கு?"

"முடக்கே இல்லாம இவ்வளவு தூரம் எவன் ரோடு போடுவான்? இனிமேதான் இருக்கும், பாரு."

கொடுத்த சாப்பாட்டை நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், அவருடையதையும் சேர்த்து. விமானம் தரையிறங்கி நின்ற பிறகும் பை வாயருகில்தான் இருந்தது.

திருச்சி வெயிலில் ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியுமாக அவர் மண்டபத்துக்குள் ஓடினார். ஒன்றுவிட்ட மாமன் பட்டு வேட்டியோடு மணையில் உட்கார்ந்தேவிட்டார். "எங்கண்ணன் வந்துட்டாங்க!" என்று நாத்தனார் போட்ட சத்தத்தில் அந்த மனுஷன் பதறி எழுந்துகொண்டார். பிள்ளை தன் மாமன் மடிக்கு வந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை வீறிட்டது. ஒரு சொட்டு ரத்தம் வந்ததுதான் தாமதம், வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையிலேயே நான் பையை நீட்டிவிட்டேன்.

"ஒரு மணி நேரம் வந்ததுக்கே இப்படியா?" என்றார் மாமியார்.

"ஒரு மணி நேரமில்ல அத்தை. நேத்து காலையில கிளம்புனவங்க" என்றாள் நாத்தனார். முதன்முதலாக அவள் எதிர்த்துப் பேசினாளாம். எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

புறப்படும்போது அவள் கண் கலங்கினாள்.

"ஏன் அழுவுற? முடக்கே இல்லாத ரோடு. நெனச்சா வந்துருவேன்" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார்.

அவள் சிரித்தாள். உள்ளே போய் நான்கு எலுமிச்சம்பழமும் ஒரு கட்டுப் பையும் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். "கொழும்புலருந்து மேல ஏறணுமில்ல அண்ணி" என்றாள்.