மச்சானின் கால் எலும்பும் நான் சொன்ன பொய்யும்

சபையில் நான் எழுந்து நின்றாலே சிலர் சிரிக்கத் தயாராகிவிடுவீர்கள். இன்று கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வாயால் ஒருவர் கால் உடைந்த சாட்சி இது.

போன வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் ஜோசப் மச்சானைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்து, எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கு வந்துகொண்டிருந்தேன். மச்சான் கம்பெனித் தொட்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். நாலு மாடி உயரச் சாரத்தில் சர்வசாதாரணமாக ஏறுவார். வழியில் ஒரு ஜோக் சொன்னேன். சிரிப்புச் சத்தம் வரவில்லை. எனக்கு அது பொறுக்குமா? திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். வண்டி பள்ளத்தில் இறங்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. மச்சானுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த ஸ்டெல்லா, "இன்னாய்யா ஆச்சு?" என்று கேட்டாள்.

"நாய் குறுக்க வந்துச்சு" என்றேன். யோசிக்கவே இல்லை. மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். ஏழு மாதமாகியும் எலும்பு சேரவில்லை. ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் அதே கறுப்புக் கோடு. "சாரம் ஏறாதவன எவன் மாமு வேலைக்கு இட்டுகினு போவான்?" என்று மச்சான் ஒருநாள் கேட்டார். ஜெபக்கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் அந்தக் காலுக்காக அழுதீர்கள். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன்.

அப்போது டாக்டர் ஒரு வழி சொன்னார். ரத்தம் கொஞ்சம் எடுத்து, மெஷினில் சுற்றவிட்டு, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்து, எலும்பு சேராத இடத்தில் ஊசியாகப் போடுவார்களாம். டெங்கு வந்தால் எண்ணிப் பார்ப்பார்களே, அதே தட்டணுக்கள். "சிலருக்கு எலும்பு வளர உதவுது. எல்லாருக்கும் இல்ல. கேரண்டி தர மாட்டேன்" என்றார்.

நான் சட்டைக் கையை மடித்தேன். "என்னுத எடுத்துக்கோ சார். எவ்ளோ வேணாலும் எடு."

"உங்களுது வேணாங்க. அவரோட ரத்தம்தான் அவருக்கு."

படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். 'ஆண்டவரே, என் ரத்தமும் வேண்டாமாம். நான் எதைத்தான் கொடுக்கட்டும்?' வேறு ஜெபம் வரவில்லை. வானத்திலிருந்து சத்தமும் கேட்கவில்லை. ஆனால் எதைக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தது. ஏழு மாதமாகவே தெரியும். இறங்கி ஓடாமல் ஏறிப்போகக் கால்களுக்குப் பலம் கொடுத்தாரே, அதுதான் பதில்.

ஸ்டெல்லா பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். "மச்சான், நாய் வரல. நான்தான் திரும்பிப் பாத்தேன். மன்னிச்சுடு."

"நான் பின்னாலதான மாமு குந்திகினு இருந்தேன்? எனக்குத் தெரியாதா?"

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"நீயே சொல்வேன்னு பாத்தேன்."

ஸ்டெல்லா திட்டவில்லை. "உன் பேச்சுக்குப் போயி இத்தினி வருசம் சிரிச்சிகினு இருந்தேனே" என்றாள். அது இன்னும் குத்துகிறது.

ஊசி போட்டார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் கறுப்புக் கோட்டின் குறுக்கே பஞ்சு மாதிரி வெள்ளை படர்ந்திருந்தது. "சேர ஆரம்பிச்சிடுச்சு" என்றார் டாக்டர். ஊசியாலா என்று கேட்டேன். "இருக்கலாம்" என்றார். நான் ஆண்டவருக்கும் ஸ்தோத்திரம் சொன்னேன், டாக்டரையும் கும்பிட்டேன்.

எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் அந்தக் கால் சற்றுக் குட்டை. மச்சான் இப்போது சாரத்தின் கீழே நின்று பெயிண்ட் கலக்குகிறார். நான் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் எலும்பு சீக்கிரம் சேர்ந்திருக்காது. ஆனால் என் பொய்யையும் சேர்த்து அவர் ஏழு மாதம் சுமந்திருக்க வேண்டாம்.

உங்களால் அடிபட்டவர் யாராவது இருந்தால், அவருக்காக முழங்கால் போட்டு ஜெபிப்பதற்கு முன் அவர் வீட்டுக்குப் போங்கள். பயப்படாதீர்கள். ஆண்டவர் நமக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருப்பார். மச்சான் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு மாடி ஏறி வருகிறார். ஒரு அடி அழுத்தமாக, ஒரு அடி லேசாகக் கேட்கும். அவர் கதவைத் தட்டும்வரை நான் காத்திருப்பதில்லை.