எல்லப்பன் குரலில் வந்த கரகரப்பு

எல்லப்பன் பாட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள். போன ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணியில் அது ஒலிக்காத டீக்கடை இல்லை, பள்ளிப்பட்டு பஸ்ஸும் இல்லை. கேசட் காலத்தில் முருகன் பாட்டுப் பாடிப் பேர் வாங்கியவர். கேசட் போனதும் கம்பெனிக்காரர்களும் போய்விட்டார்கள். இருபது வருஷம் கரும்பு வெட்டினார். அவருக்குத் தபேலா வாசித்த நான் ஆட்டோ ஓட்டினேன்.

தை மாதம் பிரகாஷ் என்பவர் சென்னையிலிருந்து தேடி வந்தார். புதுக் கம்பெனி. ஒரு பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டார்.

"இந்தக் கரகரப்பு இருக்கே, இதுதாங்க வேணும். வேற யாருக்கும் இது வராது."

அந்தக் கரகரப்பு வந்தே ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தும் பல்லை இளித்துக்கொண்டு தலையாட்டினேன்.

எல்லப்பன் மனைவி தேவகி மட்டும் மயங்கவில்லை. சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். தொண்டையில் புற்று. உடனே ஆபரேஷன் செய்தால் பாதிக் குரலாவது மிஞ்சும், தள்ளிப்போட்டால் அதுவும் நிச்சயமில்லை என்றார் டாக்டர். பிரகாஷ் கம்பெனிக்குப் பேசிய பத்துப் பாட்டில் இரண்டுதான் பதிவாகி முடிந்திருந்தது.

மறுநாளே எல்லப்பன் காவடிக்கு மாலை போட்டுக்கொண்டார். மாலை போட்டவர் உடம்பில் கத்தி படக்கூடாது, சவரம்கூடக் கிடையாது. ஆடிக்கு யாராவது மாசியிலேயே மாலை போடுவார்களா? டாக்டரைத் தடுக்கப் போட்ட மாலை அது. கழுத்தில் மாட்டிவிட்ட பாவி நான்தான்.

"கத்தி படக்கூடாதுன்னு சாமி சொல்லிச்சா, உன் ஆசை சொல்லிச்சா?" என்று கத்தினாள் தேவகி.

"இருபது வருசம் கழிச்சு இப்பதான் கூப்பிட்டுகினு இருக்காங்க. பாடிட்டு வந்துடறேன்."

பாடி முடித்தார். கடைசிப் பாட்டில் அவர் குரல் உடையும் இடத்தைத்தான் ஜனங்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். காவடியோடு மலையேறியவர்கள் அதைக் கேட்டு அழுதார்கள். தேவகி காதைப் பொத்திக்கொண்டு வீட்டிலேயே கிடந்தாள்.

ஆவணியில் ஆபரேஷன். குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை, அதன்மேல் ஈரத்துணி. கம்பெனிக்கு மட்டும் சொல்லாதீர்கள் என்று எங்களுக்கு எழுதிக் காட்டினார்.

போன வாரம் நான் அவர் வீட்டில் இருந்தபோது பிரகாஷ் போன் செய்தார். எல்லப்பன் ஆசையாக எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, அடுத்த ஆல்பம் ஆரம்பிச்சிடலாம். அதே கரகரப்பு வேணும்ணே."

எல்லப்பனின் வாய் அசைந்தது. கழுத்துத் துணிதான் ஏறி இறங்கியது. வேண்டாம் என்று கையாட்டியவரைத் தேவகி பார்த்தாள். போனைப் பிடுங்கினாள்.

"அத்த டாக்டருங்க வெட்டி எடுத்துட்டாங்க, நைனா."