தண்ணீர்ப் பரிசோதனைக்கு நான் எழுதிக்கொடுத்த மன்னிப்பு

1. ஹெச்.எம். ரூம்

ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பாடத்தில் இருந்தேன். அட்டெண்டர் வந்து, "டீச்சர், ஹெச்.எம். கூப்புடறாருங்க. உடனே வரணுமாம்" என்றார்.

போனேன். நீளப் பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் அம்மன் கோயில் கமிட்டி. மூன்று பேர் எங்கள் மாதா கோயில் பங்குப் பேரவை. திருவிழா ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று வருஷா வருஷம் முறைத்துக்கொள்கிறவர்கள், தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேஜை மேல் என் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய சார்ட் விரித்துக் கிடந்தது.

"இது யாரு எழுதுனது டீச்சர்?" என்றார் ஹெச்.எம்.

"என் கிளாஸ் பிள்ளைங்க சார். நான் சொல்லித்தான் எழுதுனாங்க."

மொரப்பூர் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் அறிவியல் ஆசிரியை. பெயர் ஸ்டெல்லா. அப்போது ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு வருஷம் பாக்கி.

2. சார்ட்டில் என்ன இருந்தது

எங்கள் பக்கம் ஒரு பிள்ளை சிரித்தால் அது எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தது என்று தெரிந்துவிடும். முன்பல்லில் பழுப்புக் கோடு விழுந்திருக்கும். நாற்பது வயதில் மூட்டு மடங்காது. நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளோரைடு செய்கிற வேலை. பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு அது வாயிலேயே இருந்தது.

"நீங்க தெனமும் குடிக்கற தண்ணியில ஒரு பாட்டில் கொண்டாங்க" என்றேன். முப்பத்தொரு பாட்டில் வந்தது. டெஸ்ட் கிட்டில் செய்முறை எளிது. தண்ணீரில் ரீஏஜன்ட் சொட்டு விட்டால் ரோஸ் நிறம் வரும். ஃப்ளோரைடு கூடுதலாக இருந்தால் மஞ்சளாகிவிடும். தெருக் குழாய்கள் பலவும் மஞ்சள். கௌசல்யா கொண்டுவந்த அம்மன் கோயில் போர்வெல் தண்ணீரும் மஞ்சள். எங்கள் மாதா கோயில் வளாகத்தில் குகை மாதிரிக் கட்டி மாதா சிலை வைத்திருக்கும் கெபியின் குழாய்த் தண்ணீரும் மஞ்சள். இடத்தின் பெயரை எழுதி, எதிரே 'குடிக்க ஏற்றது', 'குடிக்க ஏற்றதல்ல' என்று பிள்ளைகளே எழுதி வராண்டாவில் மாட்டினார்கள். கௌசல்யாவின் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அவள்தான் எழுதினாள்.

எழுதும்போது அவளே கேட்டாள்: "சாமி தண்ணி எப்டிங்க டீச்சர் கெட்டுப்போவும்?"

"தண்ணி சாமி குடுக்கறதில்ல கண்ணு, பாறை குடுக்கறது. கோயிலுக்கு அடியிலயும் கெபிக்கு அடியிலயும் ஒரே பாறைதான்" என்றேன்.

யாரோ சார்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். நான் சொன்ன வாக்கியமும் கூடவே போனது. ஊரைச் சுற்றி வருவதற்குள் அது, 'சாமியும் பொய், மாதாவும் பொய், ரெண்டு தண்ணியும் விஷம்' என்று ஆகியிருந்தது.

3. கையெழுத்து

கமிட்டிக்காரர்களில் முதலில் பேசியவர் மாதப்பன், கௌசல்யாவின் அப்பா. வலது காலை மடக்க முடியாமல் நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

"எங்க தீர்த்தத்த விஷம்னு எழுதி மாட்டியிருக்கீங்க. அதுவும் எம்புள்ள கையால. உங்க கோயிலா இருந்தா இப்டி எழுதுவீங்களா?"

"எங்க கோயில் பேரும் அடுத்த வரியில இருக்குதுங்க. விஷம்னு எங்கயும் இல்ல. படிச்சுப் பாருங்க."

சவரிமுத்து எழுந்தார். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன், பேரவையில் பெரிய கை. "அதத்தாம்மா நானும் கேக்கறேன். மாதா கெபித் தண்ணிய நோய்க்காரங்க எங்கெங்கருந்தோ வந்து புடிச்சிட்டுப் போறாங்க. நீ அதுல மருந்து ஊத்திப் பாப்பியா? நம்ம பங்குல ஞானஸ்நானம் வாங்குனவதான நீ?"

"நோய்க்காரங்க குடிக்கறாங்கன்னுதாங்க பாக்கணும்" என்றேன். அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

ஹெச்.எம். வெள்ளைத் தாளை நீட்டினார். "ரெண்டே வரி டீச்சர். மனசு புண்பட்டிருந்தா வருந்தறேன், பரிசோதனை தப்புன்னு எழுதிருங்க. கலெக்டர் ஆபீசு வரைக்கும் போச்சுன்னா யாருக்கு நல்லது?"

முதல் வரியை எழுத எனக்குத் தயக்கமில்லை. நான் சொன்ன விதம் கொஞ்சம் வெடுக்கென்றுதான் இருந்தது. இரண்டாவது வரிக்கு முடியாது என்றேன். அப்போது மாதப்பன் சொன்னார்: "சரிங்க. எம்புள்ள நாளையிலருந்து ஸ்கூலுக்கு வராது. படிச்சுக் கிழிச்சது போதும்."

அது வெறும் மிரட்டல் இல்லை. அவளுடைய அக்காளைப் பத்தாவதோடு நிறுத்திக் கல்யாணம் கட்டிக் கொடுத்தவர் அவர். நான் இரண்டு வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோபத்தில் பேனா தாளைக் கிழித்தது. ஒரு பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினேன்.

4. திங்கட்கிழமை பிரேயர்

கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் மாதப்பனும் சவரிமுத்தும் நின்றார்கள். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. உறுதிமொழி முடிந்ததும் ஹெச்.எம். கௌசல்யாவைக் கூப்பிட்டார். அவள் கையில் ஒரு சீட்டு. யாரோ எழுதிக் கொடுத்தது.

"நான் எழுதியது தவறு. கோயில் தண்ணீரையும் கெபித் தண்ணீரையும் பற்றிப் பொய்யாக எழுதிவிட்டேன். எல்லாரும் என்னை மன்னிக்க வேண்டும்."

பதினான்கு வயதுப் பெண். முந்நூறு பேர் முன்னால். வாயைப் பொத்திக்கொண்டு படித்தாள், பல் தெரியக் கூடாது என்று. முன்வரிசையில் ஒருவன் சிரித்தான். நான் ஆசிரியர் வரிசையில் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அதைவிடக் கேவலமாக நான் எதையும் செய்ததில்லை.

மத்தியானம் லேபுக்கு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"டெஸ்ட் தப்புங்களா டீச்சர்?"

"இல்ல."

"அப்ப நீங்க ஏன் தப்புன்னு எழுதிக் குடுத்தீங்க? டீச்சரே எழுதிட்டாங்க, நீ படிக்கறதுக்கு என்னன்னு எங்கப்பா கேட்டாருங்க."

அந்த ஆறு பேர் மேல், ஹெச்.எம். மேல் வந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் என் மேலேயே திரும்பியது.

5. மெமோ

அன்று சாயங்காலமே இன்னொரு கடிதம் எழுதினேன். 'முன்பு கொடுத்த கடிதம் நெருக்கடியில் எழுதியது. பரிசோதனை சரியானது. மாணவியை மன்னிப்புக் கேட்க வைத்தது தவறு.' ஹெச்.எம். வாங்க மறுத்தார். தபாலில் அவருக்கு ஒன்று, மாவட்டக் கல்வி அதிகாரியான சி.இ.ஓ. ஆபீசுக்கு ஒன்று அனுப்பினேன். மறுநாள் வகுப்பில் சொன்னேன்: "கௌசல்யா எழுதுனது சரி. நான் எழுதுனதுதான் தப்பு." அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

பதினைந்தாம் நாள், ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு 17(a) மெமோ வந்தது. அதே தண்ணீரைத் தர்மபுரியில் லேபுக்குக் கொடுத்து ரிப்போர்ட் வாங்கி விளக்கத்தோடு இணைத்தேன். அதிலும் குடிக்க ஏற்றதல்ல என்றுதான் இருந்தது. ரிப்போர்ட்டை யாரும் மறுக்கவில்லை, படிக்கவும் இல்லை. எனக்குக் கண்டனமும், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் டிரான்ஸ்ஃபரும் கிடைத்தன. கடைசி இரண்டு வருஷம் இரண்டு பஸ் மாறிப் போனேன். சவரிமுத்து வீட்டு விசேஷங்களுக்கு எங்களைக் கூப்பிடுவதில்லை.

பஞ்சாயத்தில், குடிக்கக் கூடாத குழாய்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். கோயில் குழாயையும் கெபிக் குழாயையும் மட்டும் விட்டுவிட்டார்கள்.

ரிட்டயரான பிறகு கம்பைநல்லூர் பஸ் ஸ்டாண்டில் மாதப்பனைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவரே நொண்டிக்கொண்டு வந்தார்.

"நல்லா இருக்கீங்களா டீச்சர்? புள்ள பிளஸ் ஒன்னு சேந்திருச்சு. சயின்ஸ் குரூப்புதான் வேணும்னு ஒரே சண்டை. சேத்துவுட்டேன்."

"சந்தோஷங்க. தண்ணி?"

இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "வூட்டுக்குக் கேன் தண்ணிதாங்க வாங்கறோம். நீங்க அத வெளிய கிளிய சொல்லிராதீங்க."

"அப்ப கோயில் குழாயில குடிக்கற மத்த புள்ளைங்க?"

"அது சாமி விஷயமுங்க."

பஸ் ஏறிப் போய்விட்டார். அங்கேயே நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். மனசு புண்பட்டது என்று ஒருவர் வந்தால் உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், முழுக்கக் கேளுங்கள். சொன்ன விதம் தவறென்றால் அதற்கு வருத்தம் தெரிவியுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் சரியென்று தெரிந்ததைத் தப்பு என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். யாரைக் காப்பாற்றுவதற்காக இருந்தாலும் எழுதாதீர்கள். நான் அன்று போட்டது என் பெயருக்கான கையெழுத்து என்று நினைத்தேன். அதைக் காட்டித்தான் என் மாணவியை மேடை ஏற்றினார்கள்.