நைனாதான் பிடுங்கினார்

சாட்சி சொல்வதை வார்த்தை மாறாமல் டைப் அடிப்பதுதான் என் வேலை. வார்த்தை புரிந்தால்தானே மாறாமல் அடிக்க? அடுத்தவர் பேச்சை எழுதப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட சகபாடிகளே, நான் திருநெல்வேலிக்காரி. உத்திரமேரூர் பக்கம் ஒரு கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக வந்து விழுந்தேன்.

வீட்டை ஆண்டவர்

முதல் வாரமே ஒரு விவசாயி கூண்டேறி, "வூட்டாண்ட நின்னுக்கினு இருந்தேன்" என்றார். வீட்டுக்குப் பக்கத்தில் என்று அர்த்தமாம். எனக்கென்ன தெரியும்? 'வீட்டை ஆண்டு நின்றேன்' என்று அடித்து வைத்தேன். தலைமை எழுத்தர் கன்னியப்பன் சார் அதை இரண்டு தரம் படித்தார். "மாத்தும்மா. அவரு வூட்டம்மா பாத்தா கோர்ட்டுக்கே வந்துடும்."

முன்கூட்டியே சரி

ஒவ்வொரு சாட்சியத்தின் அடியிலும் 'படித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி வரும். நேரம் மிச்சமாகட்டும் என்று, அன்றைய சாட்சிகள் எல்லாருக்கும் காலையிலேயே அதைக் கம்ப்யூட்டரில் அடித்து வைத்துவிடுவேன். சாமர்த்தியம் என்று பெருமை வேறு. ஒருநாள் கன்னியப்பன் சார் கண்ணில் பட்டுவிட்டது. "சாட்சி இன்னும் மாகறல்ல பஸ்ஸே ஏறல. அதுக்குள்ள ஒத்துக்கினாரா?"

எந்த நைனா?

திட்டு வாங்கிய மறுநாளே இந்த வழக்கு. மளிகைக்கடை நைனா முகமது பாய், பக்கத்து நிலத்துக்காரரின் வேலியைப் பிடுங்கிப் போட்டார் என்று புகார். பாவம், கடையை மூடிவிட்டு மாதக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்துகொண்டிருந்தார். தண்டனை என்று ஆகிவிட்டால் அந்த ஊரில் எந்த முகத்தோடு கடை திறப்பது? நேரில் பார்த்த ஒரே சாட்சி, புகார் கொடுத்தவரின் மகள் அமுலு.

வேலியைப் பிடுங்கியது யார் என்று அரசு வக்கீல் கேட்டார். "நைனாதான்" என்றாள். அவர் திருப்தியாக உட்கார்ந்தார். பாய் கண்ணை மூடிக்கொண்டார். பாயின் வக்கீல் கேள்வியே இல்லை என்றுவிட்டார். நானும் 'நைனா முகமதுதான் பிடுங்கினார்' என்று அடித்தேன்.

முந்தின நாள் திட்டு ஞாபகத்தில் இருந்ததால், கையெழுத்துக்கு முன் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். அமுலு பேனாவைக் கீழே வைத்தாள். "முகமது எங்கேர்ந்து வந்தாரு? நான் எங்க நைனாவைச் சொன்னேன். எங்கப்பாவை. கடைப் பக்கமா ஒரு முழம் தள்ளி நடறதுக்குப் புடுங்கினாரு."

நன்றாக யோசித்துச் சொல்லும்படி நீதிபதி கேட்டார். "இப்பதானே சத்தியம் வாங்கினீங்க?" என்றாள். பின்வரிசையில் அவள் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நீதிபதியே சிரித்துவிட்டார். நானும் சிரித்துக்கொண்டே 'முகமது'வை அழித்துவிட்டு 'என் அப்பா' என்று அடித்தேன்.

விடுதலையான அன்று பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தார். "மொதல்ல கடை போர்டுல வெறும் முகமதுன்னு மாத்தறேம்மா."

இப்போதெல்லாம் 'படித்துக் காட்டப்பட்டு' என்கிற அந்தக் கடைசி வரியை நான் கடைசியாகத்தான் அடிக்கிறேன்.